வயிற்று பைபாஸுக்குப் பிறகு: மிக்சர் டப்பா, பந்தி, பாதத்து மதமதப்பு

எடையைக் குறைக்க எனக்கு 2018-ல் வயிற்றில் பைபாஸ் ஆபரேஷன் நடந்தது. அப்போது எடை 116 கிலோ, சுகருக்கு இன்சுலின், இரண்டு முட்டியிலும் வலி. நடுவில் 71 கிலோ வரைக்கும் இறங்கி, திரும்ப ஏறி, இப்போது 78-ல் நிற்கிறது. இன்சுலின் கிடையாது. ஆபரேஷனைப் பற்றியும் முதல் ஆறு மாதத்தைப் பற்றியும் சொல்ல ஆள் நிறைய இருந்தார்கள். அதற்கப்புறம் எப்படி வாழ்வது என்று கேட்கத்தான் ஆள் கிடைக்கவில்லை. அதனால் அந்தப் பகுதியை மட்டும் எழுதுகிறேன்.

இரைப்பையின் மேல்நுனியில் ஏறத்தாழ 30 மில்லி பிடிக்கிற சின்னப் பையைத் தனியே பிரித்து, சிறுகுடலைச் சற்றுத் தள்ளி வெட்டி அதில் இணைத்துவிடுவார்கள். சாப்பாடு மீதி இரைப்பையையும் குடலின் முதல் பகுதியையும் தொடாமல் தாண்டிப் போகும். இரும்பும் கால்சியமும் அதிகம் உறிஞ்சப்படுவது அந்த முதல் பகுதியில்தான். ஆயுசு முழுக்க மாத்திரை எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு இதுதான் பதில். இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டியெடுத்துவிடும் ஸ்லீவ் ஆபரேஷன் செய்தவர்களுக்குக் குடல் அப்படியே இருக்கும். ஆனாலும் சத்துக்குறைவு அவர்களையும் விடாது.

முதல் வருஷம் பசியே தெரியாது. அரை இட்லிக்கு மேல் ஒரு வாய் போனால் நெஞ்சை அடைக்கும். வயிறே போலீஸ் வேலை பார்த்துக்கொள்ளும். மூன்றாவது வருஷம் பசி திரும்பி வந்தது, தராசு முள்ளும் கூடவே. பை பெரிதாகிவிட்டதோ என்று பயந்து சர்ஜனிடம் போனேன். "கடைசியா இறங்கின எடையிலேர்ந்து கொஞ்சம் ஏறுறது நிறையப் பேருக்கு உண்டும்மா. என்ன சாப்பிட்டு ஏறுதுன்னு எழுதிட்டு வாங்க, பேசுவோம்" என்றார்.

எழுதிப் பார்த்ததில் புரிந்த சங்கதி இது: சின்ன வயிறு இட்லியை நிறுத்தும், கோழிக்கறியை நிறுத்தும், மிக்சரை நிறுத்தாது. முறுக்கு, பிஸ்கட், ஐஸ்கிரீம் எல்லாம் வாயிலேயே கரைந்து சறுக்கிக்கொண்டு இறங்கிவிடும், வயிறு நிறைந்த மாதிரியே இருக்காது. நூறு கிராம் மிக்சரில் ஐந்நூறு கலோரிக்கு மேல். நான் பள்ளிக்கூட டீச்சர். எங்கள் ஸ்டாஃப் ரூமில் யார் வீட்டில் விசேஷம் என்றாலும் டப்பா சுற்றி வரும். வேண்டாம் என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். இப்போது ஒரு சின்னக் கிண்ணத்தில் போட்டு, மேஜையில் உட்கார்ந்து, ஒரு வேளைச் சாப்பாடு மாதிரி சாப்பிடுகிறேன். டப்பாவுக்குள் கைவிட்டு எடுப்பது மட்டும் கிடையாது.

டயட்டீஷியன் சொன்ன புரதக் கணக்கு ஒரு நாளைக்கு 60 முதல் 80 கிராம். நம் சமையலில் இதை எட்டுவது லேசுப்பட்ட வேலை இல்லை. ஒரு இட்லியில் இரண்டு கிராம் தேறும், ஒரு முட்டையில் ஆறு. அதனால் காலையில் முதலில் இரண்டு முட்டை, இடமிருந்தால் இட்லி. இடைவேளைக்கு கொண்டைக்கடலைச் சுண்டல். மதியம் மீனோ கறியோ முதலில், அப்புறம் காய், கடைசியில் இரண்டு கரண்டி சோறு. இரவு தோசைக்குப் பதில் அடை. செவ்வாய், வெள்ளி எங்கள் வீட்டில் கவுச்சி கிடையாது. அந்த இரண்டு நாளும் பன்னீர், மீல்மேக்கர், மோரில் கலக்கிய புரோட்டீன் பவுடர் என்று ஓட்ட வேண்டியிருக்கிறது. காய்ந்துபோன கோழித் துண்டும் குழைந்த சோறும் மாட்டிக்கொள்ளும். நன்றாக மென்றால்தான் தப்பிக்கலாம்.

சாப்பாட்டோடு தண்ணீர் இல்லை, சாப்பிட்டு அரை மணி கழித்துத்தான். பிற்பகல் முதல் பீரியடில் பாட்டிலோடுதான் வகுப்புக்குப் போவேன். பிள்ளைகளுக்குப் பழகிவிட்டது.

கல்யாணப் பந்திதான் பெரிய பரீட்சை. இலையில் மிச்சம் வைத்தால் வீட்டுக்காரர்கள் முகம் வாடும். நான் உட்கார்ந்ததும் பரிமாறுகிறவரிடம் "அண்ணே, சோறு வேணாம், பருப்பு மட்டும் ரெண்டு கரண்டி விடுங்க" என்று சொல்லிவிடுவேன். அவர் ஒரு மாதிரிப் பார்ப்பார், ஆனால் விடுவார். வடை பாதி, கூட்டு, தயிர். கிடா விருந்து இன்னும் சுலபம், சுக்காவை வாங்கிக்கொண்டு சோற்றை விட்டுவிடலாம். பாயசத்தைத் தொடுவதில்லை. சர்க்கரை வேகமாகக் குடலில் இறங்கினால் டம்பிங்: படபடப்பு, வியர்வை, வயிற்றைப் புரட்டல், எங்கேயாவது படுத்தால் போதும் என்று இருக்கும். இதற்கு ஒரு தங்கச்சி உண்டு. காலையில் வெண்பொங்கலை மட்டும் சாப்பிட்டுப் போனால் ஒன்றிரண்டு மணி நேரத்தில் இன்சுலின் அதிகமாகச் சுரந்து சுகர் இறங்கிவிடும். சாக்பீஸ் பிடித்த கை நடுங்கும். பொங்கலோடு முட்டை சாப்பிட்டால் அப்படி வருவதில்லை.

எங்கள் அத்தை மட்டும் இன்றுவரை சமாதானம் ஆகவில்லை. "என்னத்தா, பச்சப்புள்ள சாப்பாடு சாப்புடுற!" என்பார். தெருவில் வேறு கேள்வி: "என்ன டீச்சர், இப்படி எளச்சுட்டீங்க, சுகர் வந்துருச்சா?" இளைத்ததால் சுகர் போனது என்று யாரிடம் போய்ச் சொல்வது!

மாத்திரை விஷயத்தில் நேரம் முக்கியம். இரும்பும் கால்சியமும் ஒன்றையொன்று தடுக்கும், இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். காப்பியும் டீயும் இரும்புக்கு ஆகாது. நான் இரும்பு மாத்திரையை எலுமிச்சைச் சாற்றோடு இரவில் போடுகிறேன், கால்சியத்தைப் பகலில் இரண்டாகப் பிரித்து. கடையில் "கால்சியம்" என்று பொதுவாகக் கேட்டால் பெரும்பாலும் கார்பனேட்தான் கைக்கு வரும். அது கரைய அமிலம் வேண்டும், நமக்கு அது குறைவு. அட்டையைத் திருப்பி சிட்ரேட் என்று போட்டிருக்கிறதா என்று பார்த்துத்தான் காசு கொடுப்பேன்.

நாலாவது வருஷம் பாதத்தில் மதமதப்பு. பழைய சுகர்தான் காரணம் என்று எல்லோரும் முடிவே கட்டிவிட்டார்கள். ரத்தத்தில் பார்த்தால் வைட்டமின் பி12 தரைமட்டம். ஊசி போட்டுச் சில மாதங்களில் குறைந்தது. தள்ளிப்போட்டால் நரம்புச் சேதம் நிரந்தரமாகிவிடும் என்றார் டாக்டர். வருஷா வருஷம் ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பில் இரும்பு இருப்பைக் காட்டுவது), பி12, வைட்டமின் டி, கால்சியம், பாராதைராய்டு ஹார்மோன் (ரத்தத்தில் கால்சியத்தைக் கட்டுப்படுத்துவது) எல்லாம் பார்க்கிறேன். இன்னொன்று: நாள்கணக்கில் வாந்தி நிற்காவிட்டால் வீட்டில் கஷாயம் வைத்துக்கொண்டிருக்கக் கூடாது. அப்படி வாந்தி எடுத்து எடுத்து வைட்டமின் பி1 குறைந்தால் மூளையையே தாக்கும். குளுக்கோஸ் ஏற்றும் முன் பி1 கொடுக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் பைபாஸ் நடந்ததை முதலில் சொல்லிவிடுங்கள்.

வெறும் "பைபாஸ்" என்றால் எல்லோரும் ஹார்ட் என்றுதான் நினைக்கிறார்கள். முதுகுவலிக்குப் போன இடத்தில் ஒரு டாக்டர் அப்படி நினைத்துக்கொண்டு டைக்ளோஃபினாக் எழுதிக் கொடுத்தார். அந்த வகை வலி மாத்திரை, குடலை இணைத்த இடத்தில் புண் உண்டாக்கும். "வயித்துல பைபாஸ் டாக்டர்" என்று வயிற்றைத் தொட்டுக் காட்டியதும் பாராசிட்டமாலாக மாற்றினார். அன்றிலிருந்து பர்ஸில் ஒரு அட்டை: என்ன ஆபரேஷன், எந்த வருஷம், எந்த மாத்திரை கூடாது.

தொங்கும் தோலுக்கு என்னிடம் வழி இல்லை. மதுரை வெயிலில் அடிவயிற்று மடிப்பில் வேர்த்து அரித்தெடுக்கும். குளித்ததும் துடைத்து, மெல்லிய பருத்தித் துணி ஒன்றை மடித்து வைத்துக்கொள்கிறேன். அவ்வளவுதான்.

இந்த வருஷம் மாதவிடாயும் நிற்கப் போகிறது. எலும்பு தேய வாய்ப்பு அதிகம் என்று, எலும்பின் அடர்த்தியைப் பார்க்கிற டெக்ஸா ஸ்கேன் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். காலாண்டு லீவில் எடுக்க வேண்டும். அதுவரை சாயங்கால நடையோடு, இரண்டு தண்ணீர் பாட்டிலைத் தூக்கிக் கைப்பயிற்சியும் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். நடை சரியாக நடக்கிறது, பாட்டில்தான் இன்னும் சமையலறையிலேயே இருக்கிறது.