மேலூர் சித்தப்பா வீட்டு உபுண்டுவைக் கழற்றிய கதை

மேலூர் சித்தப்பா காலையில் கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டு, அது எழுந்து வருவதற்குள் ஒரு டீயைக் குடித்துவிட்டு வந்துவிடலாம் என்று அடுப்படிப் பக்கம் போவார். திரும்பி வந்தால் திரை முழுக்கக் கத்திரிப்பூ நிறம், நடுவில் சித்தப்பா மகளான என் தங்கச்சி பெயர், கீழே பாஸ்வேர்டு கேட்கிற பெட்டி. தங்கச்சி கல்யாணமாகி பெங்களூரு போய் ஒரு வருஷம் ஆகிறது, அந்தப் பாஸ்வேர்டு அவளுக்கே ஞாபகம் இருந்தால் ஆச்சரியம். உடனே எனக்குப் போன் வரும். "டேய், உன் ஆளு மறுபடியும் வந்து உக்காந்துட்டான்டா."

என் ஆளு என்றால் உபுண்டு, விண்டோஸ் மாதிரியே கம்ப்யூட்டரை இயக்குகிற லினக்ஸில் ஒரு வகை. 2018ல் தங்கச்சி காலேஜ் சேர்ந்தபோது சி புரோகிராம் எழுதிப் பழக லினக்ஸ் வேண்டும் என்றாள். மாட்டுத்தாவணியில் பஸ் ஏறிப் போய், விண்டோஸுக்குப் பக்கத்திலேயே 120 ஜிபி ஒதுக்கி, உபுண்டு 18.04ஐப் போட்டுக் கொடுத்தவன் நான்தான். அப்போது அதில் ஒரு பெருமை வேறு. அவள் படித்து முடித்துப் போய்விட்டாள், அந்த 18.04க்கு வழக்கமான ஆதரவுகூட 2023 மே மாதத்தோடு முடிந்துபோனது, ஆனால் கம்ப்யூட்டரைப் போட்டதும் முதலில் வருவது இன்னும் அதுதான். எதற்குள் போக வேண்டும் என்று கேட்கிற, உபுண்டுவோடு வந்த கிரப் என்ற மெனு 10 விநாடி காத்திருக்கும், யாரும் அம்புக்குறியைத் தட்டி விண்டோஸைத் தேர்ந்தெடுக்காவிட்டால் உபுண்டுவுக்குள் போய்விடும். 10 விநாடியில் சித்தப்பா அடுப்படி வாசலைக்கூடத் தாண்டியிருக்க மாட்டார்.

இன்னொரு தொல்லை கடிகாரம். லினக்ஸ், மதர்போர்டில் இருக்கும் கடிகாரத்தை உலகப் பொது நேரத்தில் வைத்துவிடும், விண்டோஸ் அதையே நம் ஊர் நேரம் என்று எடுத்துக்கொள்ளும். தெரியாமல் உபுண்டுவுக்குள் போய் ரீஸ்டார்ட் செய்து வந்தால் மணி அஞ்சரை மணி நேரம் பின்னால் போயிருக்கும். "காலைல எட்டு மணிக்குப் பாத்தா ராத்திரி ரெண்டரைங்குது, இதுல பட்டா எடுத்தா செல்லுமாடா?" என்று சித்தப்பா நிஜமாகவே கவலைப்பட்டுக் கேட்டிருக்கிறார்.

கிரப்பில் ஒரு வரியை மாற்றி விண்டோஸை முதலில் வரவைத்தால் போதாதா என்று கேட்பீர்கள். போதும்தான். ஆனால் கல்யாண வீடியோவும் போட்டோவும் சேர்ந்து டி டிரைவ் சிவப்புக்கு வந்துவிட்டது, 500 ஜிபி என்று வாங்கிய டிஸ்க்கை விண்டோஸ் 465 என்றுதான் காட்டும், அதில் 120ஐ யாரும் தொடாத உபுண்டு பிடித்து வைத்திருக்கிறது. சரி, எடுத்துவிடுவோம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பினேன்.

முதல் வேலையை ஒழுங்காகத்தான் செய்தேன். உபுண்டுவின் பார்ட்டிஷன், அதாவது டிஸ்க்கில் அதற்கென்று பிரித்த பகுதி, ஈஎக்ஸ்டி4 என்ற முறையில் இருப்பதால் விண்டோஸால் தானாகப் படிக்க முடியாது, ஆனால் லினக்ஸ் என்டிஎஃப்எஸ் முறையில் இருக்கும் விண்டோஸ் டிரைவைப் படிக்கும், எழுதும். அதனால் தங்கச்சிக்குப் போன் போட்டு, அவள் யோசித்து யோசித்துச் சொன்ன மூன்றாவது பாஸ்வேர்டில் உள்ளே நுழைந்து, புராஜெக்ட் ஃபோல்டரை டி டிரைவுக்குக் காப்பி பண்ணப் பார்த்தேன். எழுத முடியாது, படிக்க மட்டும்தான் முடியும் என்றது. காரணம் விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். ஷட்டவுன் கொடுத்தாலும் அது முழுசாக அணைவதில்லை, பாதித் தூக்கத்தில் டிரைவைப் பிடித்துக்கொண்டே படுக்கிறது. விண்டோஸுக்குப் போய் ஷட்டவுனுக்குப் பதில் ரீஸ்டார்ட் கொடுத்து, அதில் வந்த கிரப் மெனுவில் உபுண்டுவைத் தேர்ந்தெடுத்தேன். காப்பி ஆனது. இத்தனை சூதானமாக இருந்தவன் அடுத்த அஞ்சு நிமிஷத்தில் என்ன செய்தேன் என்பதுதான் இந்தப் பதிவை எழுதவே காரணம்.

விண்டோஸில் டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து, டிரைவ் எழுத்தே இல்லாமல் இருந்த லினக்ஸ் பார்ட்டிஷன் இரண்டையும் அழித்தேன், ஒன்று உபுண்டு, மற்றது மெமரி போதாதபோது அது எடுத்துக்கொள்ளும் ஸ்வாப். அழித்த பிறகும் டி டிரைவை நீட்டும் வசதி மங்கலாகவே நின்றது. எம்பிஆர் என்கிற பழைய முறையில் பிரித்த டிஸ்க்கில் நாலு பார்ட்டிஷனுக்குத்தான் இடம், அதனால் நாலாவதை ஒரு எக்ஸ்டெண்டட் பெட்டியாக்கி அதற்குள் லினக்ஸைப் போட்டிருந்தேன். உள்ளே இருப்பதை அழித்தால் பெட்டி காலியாகும், ஆனால் பெட்டி பெட்டியாகவே இருக்கும், பச்சைக் கரை போட்டுக் காட்டும். அந்தப் பெட்டியையும் அழித்தால்தான் காலி இடம் என்று கறுப்புப் பட்டை வரும், பக்கத்து டிரைவோடு சேர்க்க முடியும். அதுவும் ஒட்டினாற்போல் வலது பக்கம் இருந்தால் மட்டும்; நடுவில் அடுத்தவர் வயல் கிடந்தால் சேர்க்க முடியாது. இங்கே டிக்கு ஒட்டித்தான் இருந்தது. நீட்டினேன். சித்தப்பா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "பரவால்லடா" என்றார். ரீஸ்டார்ட் கொடுத்தேன்.

கறுப்புத் திரை. அப்படி ஒரு பார்ட்டிஷனே இல்லை என்று ஒரு வரி, அதற்குக் கீழே கிரப் ரெஸ்க்யூ, துடிக்கிற கர்சர்.

வாடகைக்கு இருந்தவரைக் காலி செய்துவிட்டு, வாசல் பூட்டின் சாவியை அவரிடமே விட்டுவிட்ட கதைதான். டிஸ்க்கின் முதல் 512 பைட்டில் பார்ட்டிஷன் பட்டியலுக்கு 64 பைட், கடைசி 2 பைட் அடையாளம், மீதி 446 பைட் கம்ப்யூட்டரை எழுப்புகிற குட்டி புரோகிராம். அந்த இடத்தில் உபுண்டு போட்ட நாளிலிருந்து உட்கார்ந்திருப்பது கிரப். அதற்கு வேண்டிய மிச்சச் சரக்கெல்லாம் நான் அழித்த பார்ட்டிஷனில் இருந்தது. அது எழுந்து, தன் வீட்டைத் தேடி, காணாமல் அப்படியே நின்றுவிட்டது. விண்டோஸ் எந்தக் குறையும் இல்லாமல் உள்ளேயே இருக்கிறது, கூப்பிடத்தான் ஆள் இல்லை.

இது எனக்குத் தெரியும். சித்திக்குத் தெரியாதே. "ஏங்க, ஓடிக்கிட்டு இருந்ததைத் தொட வேணாம்னு சொன்னேன்ல, கல்யாண வீடியோ போச்சா?" என்று உள்ளிருந்து குரல் வந்தது. சித்தப்பா எதுவும் பேசவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

வேண்டியது விண்டோஸ் இன்ஸ்டால் பண்ணும் பென்டிரைவ். என்னிடம் இல்லை, வீட்டில் இருந்த ஒரே கம்ப்யூட்டரையும் படுக்க வைத்தாயிற்று. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பிரவுசிங் சென்டர் திறந்திருந்தது. அங்கே இருந்த தம்பி நான் சொல்லி முடிப்பதற்குள் டிராயரிலிருந்து ஒரு பென்டிரைவை எடுத்து நீட்டினான், இந்த மாதிரி நிறையப் பேரைப் பார்த்திருப்பான் போல. அதிலிருந்து கம்ப்யூட்டரை எழுப்பி, இன்ஸ்டால் பக்கம் போகாமல் ரிப்பேர் என்பதைத் தட்டி, டிரபிள்ஷூட், கமாண்ட் பிராம்ப்ட் என்று உள்ளே போய், பூட்ரெக் என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு, சாய்கோடு போட்டு ஃபிக்ஸ்எம்பிஆர் என்று சேர்த்து அடித்தேன். ஒரு நொடிகூட ஆகவில்லை. அந்தக் கட்டளை எழுப்புகிற புரோகிராமை மட்டும்தான் மாற்றும், பார்ட்டிஷன் பட்டியலைத் தொடாது. ரீஸ்டார்ட், நேராக விண்டோஸ். டி டிரைவில் கல்யாண வீடியோ இருக்கிறதா என்று சித்தி வந்து ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் எனக்குப் பருத்திப்பால் கொடுத்தார்.

வரிசையை மாற்றியிருந்தால் பென்டிரைவே தேவைப்பட்டிருக்காது. உபுண்டு இருக்கும்போதே விண்டோஸில் ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு ரீஸ்டார்ட் கொடுத்தால், நடுவில் கிரப் வந்தாலும் விண்டோஸைத் தேர்ந்தெடுத்தால், அதே கமாண்ட் பிராம்ப்ட்டுக்குப் போகலாம். அங்கே ஃபிக்ஸ்எம்பிஆர். அப்புறம் ஒரு தடவை அணைத்துப் போட்டு, கிரப் இல்லாமல் நேராக விண்டோஸ் வருகிறதா என்று பார்த்துவிட்டு, கடைசியாகத்தான் பார்ட்டிஷனில் கை வைக்க வேண்டும்.

இதெல்லாம் பழைய மெஷினுக்கு. புதுசாக இருந்தால் எழுப்புவது யூஇஎஃப்ஐ என்கிற புது முறை, அதில் ஃபிக்ஸ்எம்பிஆர் அடித்துப் பயனில்லை. ரன் பெட்டியில் எம்எஸ்இன்ஃபோ32 என்று அடித்தால் பயாஸ் மோடு லெகசியா (பழைய முறை) யூஇஎஃப்ஐயா என்று ஒரு வரி காட்டும், அதை முதலில் பாருங்கள். யூஇஎஃப்ஐயில் கிரப் குடியிருப்பது இஎஃப்ஐ என்கிற சின்ன பார்ட்டிஷனில், உபுண்டு என்ற பெயரிலேயே ஒரு ஃபோல்டராக. பயாஸ் என்கிற மதர்போர்டு செட்டிங்கில், எது முதலில் எழ வேண்டும் என்கிற பூட் வரிசையை மாற்றி விண்டோஸ் பூட் மேனேஜரை மேலே ஏற்றிவிட்டால் பாதி வேலை முடிந்தது. அப்புறம் அந்த இஎஃப்ஐ பார்ட்டிஷனுக்கு டிரைவ் எழுத்துக் கொடுத்துத் திறந்து உபுண்டு ஃபோல்டரை மட்டும் அழிக்கலாம். பக்கத்தில் மைக்ரோசாஃப்ட் என்று இருப்பதைத் தொடாதீர்கள், அந்தப் பார்ட்டிஷனையே ஃபார்மேட் அடித்துவிடாதீர்கள். டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் போட்டிருந்தால் 48 இலக்க ரெக்கவரி கீயை முன்னாலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள், கம்ப்யூட்டர் எழுகிற வழியில் கை வைத்தால் அதைக் கேட்கக்கூடும்.

லினக்ஸ் ஆட்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், இதை உபுண்டுவில் உட்கார்ந்துதான் அடிக்கிறேன். 2025 அக்டோபர் 14ஓடு விண்டோஸ் 10க்கு வழக்கமான ஆதரவு நின்றுவிட்டது, சித்தப்பா மெஷின் விண்டோஸ் 11க்குத் தாங்காது, அதில் லினக்ஸை எடுத்துவிட்டு விண்டோஸை வைத்தது தலைகீழ் வேலை என்று நண்பன் ஒருவன் ஏற்கெனவே திட்டிவிட்டான். அவனை ஒரு நாள் சித்தப்பாவோடு உட்கார வைக்க வேண்டும்.

அந்தப் பிரவுசிங் சென்டர் தம்பியின் பென்டிரைவ் இன்னும் என் பையில்தான் கிடக்கிறது. அடுத்த ஞாயிறு மேலூர் போகும்போது கொடுக்க வேண்டும்.