தூர்வாரிய குளத்தில் ஈயக் கணக்கு

காற்றில் வந்து விழுந்த ஈயத்தை ஆண்டுவாரியாகப் படிக்க, மழைநீரை மட்டுமே நம்பி வளரும் சதுப்பு வேண்டும். வாய்க்கால் நீரோ நிலத்தடி நீரோ கலந்தால் பாறையின் ஈயமும் கூடவே வந்துவிடும். சுவிற்சர்லாந்தின் யூரா மலையிலுள்ள எத்தாங் தெ லா குருயேர் அப்படியொரு சதுப்பு. முழுதாய் உக்காத பாசி, ‘பீற்’ அடுக்குகளாக அங்கே 14,000 ஆண்டுக்கும் மேலாகப் படிந்து கிடக்கிறது. 1998இல் வெளியான ஆய்வின்படி ஈயப் படிவின் உச்சம் 1979. சதுர மீற்றருக்கு ஆண்டுக்கு 15.7 மில்லிகிராம், இயற்கை அளவின் 1570 மடங்கு.

மாதிரி எடுக்கும்போதே பலது கெட்டுப்போகும். மழுங்கிய குழாயை அழுத்தினால் பீற் நசுங்கி ஆழக் கணக்குப் பிழைக்கும். குழாய்க்கு உள்ளேயும் வெளியேயும் மேற்பரப்பு ஒரே மட்டத்தில் நிற்கிறதா என்று பார்க்கவேண்டும். உறையவைத்த பிறகே 1 சென்ரிமீற்றர் துண்டுகளாக அறுக்கவேண்டும், ஈரமாக அறுத்தால் மேலடுக்குக் கீழே இழுபடும். ஓரங்களைச் சீவி எறியுங்கள். துருப்பிடியா உருக்கு வாள் ஈயத்துக்குப் பரவாயில்லை, குரோமியமும் நிக்கலும் அளப்பவருக்கு ஆகாது. பாதரசம் அளப்பதென்றால் துண்டை 105 பாகை அடுப்பில் உலர்த்துவதை மறந்துவிடுங்கள். ஆவியாகிப் போகும்.

மண்தூசியோடு வந்த ஈயத்தைக் கழிக்க, பெரும்பாலும் அதே தூசியோடு வரும் தைத்தேனியம் (titanium) என்ற உலோகம் உதவும். புவியோட்டின் மேற்பகுதியில் கிலோவுக்கு ஈயம் ஏறத்தாழ 17 மில்லிகிராம், தைத்தேனியம் 3800. துண்டில் தைத்தேனியம் 300, ஈயம் 30 என்றால் இயற்கைப் பங்கு 300 × 17 ÷ 3800 = 1.3 மட்டுமே. மிச்சம் மனிதர் வேலை. ஆனால் இலங்கையின் புல்மோட்டைக் கரையில் உள்ளதுபோல, தைத்தேனியத் தாதான இல்மனைற்று மணல் காற்றோடு கலக்கும் இடத்தில் தைத்தேனியம் ஏறி, மாசைக் குறைத்துக் காட்டும். அங்கெல்லாம் புவியோட்டின் பொது விகிதத்தை விட்டு, ஆழத்துப் பழைய அடுக்கின் விகிதத்தையே எடுக்கவேண்டும்.

யாழ்ப்பாணம் சுண்ணக்கல் தரை. மழையை மட்டும் குடித்து வளரும் பாசிச் சதுப்பு இங்கே கிடையாது. கடல்நீரேரிச் சேற்றை நண்டும் இறாலும் கிளறிவிடும். மிஞ்சுவது குளம், அதையும் தூர்வாரிவிடுவார்கள். வெள்ளம் கொண்டுவரும் மண்ணும் சேர்வதால் அது பீற்றுக்கு ஈடாகாது. என்றாலும் தேடத் தகுந்த ஒன்று உண்டு. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக்காலத்தில் இங்கு வாகனங்கள் ஈயம் சேர்க்காத மண்ணெண்ணெயில் ஓடின. ஈயம் சேர்த்த பெற்றோலோ நாட்டில் 2002 வரை இருந்தது. ஆகவே குடாநாட்டின் ஈய அளவைக் காட்டும் கோட்டில் இடையில் ஒரு பள்ளம் விழுந்திருக்க நியாயமுண்டு, தெருமண்ணில் தங்கிய பழைய ஈயம் அதை மழுக்கியிருக்கவும் கூடும். சேறு ஆண்டுக்கு 2 மில்லிமீற்றர் படிந்தால் ஐந்தாண்டும் ஒரே சென்ரிமீற்றருக்குள் அடங்கிவிடும். அங்கே துண்டு 2 மில்லிமீற்றரைத் தாண்டக்கூடாது.

அந்தப் பள்ளம் தூர்வாரியதால் வந்ததா என்று சொல்வது ஈயம்-210 என்ற, தானே சிதைந்து குறையும் கதிரியக்க ஈயம். அதன் அரை ஆயுட்காலம் சுமார் 22 ஆண்டு. ஆழம் கூடக்கூட அது சீராகக் குறைந்து, மொத்த ஈயம் மட்டும் தாழ்ந்து மீண்டால் பள்ளம் மெய். ஈயம்-210உம் அதே ஆழத்தில் திடீரென அறுந்து விழுந்தால் சேற்றை யாரோ அள்ளியிருக்கிறார்கள், வேறு குளம் பார்க்கவேண்டியதுதான்.