அடுப்புக்கு மேலே இருந்த பலகை

“இந்தக் கரியை எடுத்துத்தான் ஆகணுமா?” என்று அந்த அம்மா கீழேயிருந்து கேட்டபோது நான் சாரத்தின் மேல் மல்லாந்து படுத்திருந்தேன். தெற்கு பிரான்சின் லாக்ராஸ் ஊரில், அந்த வீட்டு விதானத்தின் பழைய ஓவியப் பலகைகளில் படிந்த கரியை எடுக்கும் வேலை முடிந்து நான்கு வருடம் ஆகிவிட்டது. நான் சொன்ன பதில் மட்டும் இன்னும் என்னை விடவில்லை.

“எடுக்காவிட்டால் வண்ணத்தை அரித்துவிடும், மதாம்” என்றேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

முழுப் பொய் என்று சொல்ல மாட்டேன். பிசுக்கோடு படிந்த புகைக்கரி தூசியைப் பிடித்து வைக்கும், ஈரத்தையும் இழுக்கும். ஆனால் அந்தப் பலகைகள் 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. கரி அரிப்பதாக இருந்தால் எப்போதோ அரித்து முடித்திருக்கும். உண்மையான ஆபத்து என் கையில்தான் இருந்தது. பசையில் குழைத்துத் தீட்டிய வண்ணம் அது, ஈரப் பஞ்சு பட்டாலே கரையும். அதனால்தான் உலர்ந்த ரப்பர் ஸ்பாஞ்சால் ஒற்றி ஒற்றி எடுக்கிறோம். அப்போதும் சில இடங்களில் கரியோடு வண்ணமும் பெயர்ந்து வரும். இதை அவரிடம் சொல்லியிருக்க வேண்டும்.

ஏன் சொல்லவில்லை? முயலைப் பார்த்துவிட்டேன், அதனால்தான். அன்று காலை கட்டைவிரல் அகலத்துக்குக் கரி விலகியதும் முதலில் ஒரு கண் தெரிந்தது, அப்புறம் நீண்ட காது. மதியத்துக்குள் முழுதாகத் தெரிந்தது: இரண்டு காலில் நிமிர்ந்து நடக்கும் முயல், தோளில் ஒரு கம்பு, கம்பில் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்ட வேட்டைக்காரன். உத்திரத்தின் மேல் சட்டங்கள் உட்காருகிற இடத்தில் விழும் இடைவெளியை அடைக்கத்தான் இந்தப் பலகைகள். குளோசுவார் என்பார்கள். தரையில் வைத்துத் தீட்டிவிட்டு, மேலே கொண்டுபோய்ச் சாய்வாக ஆணி அடித்தார்கள். குடும்பச் சின்னங்களுக்குப் பக்கத்திலேயே குறும்பும் காதலும் கெட்ட வேடிக்கையும் தீட்டி, விருந்துக்கு வந்தவர்கள் அண்ணாந்து பார்த்துச் சிரிக்க வைத்தார்கள். அந்தச் சிரிப்பு கரிக்கடியில் கிடக்கும்போது எப்படி விட்டுவிட்டு இறங்குவது?

அந்த அம்மா சொன்னதையும் எழுதிவிடுகிறேன். “என் பாட்டியின் அடுப்பு அந்த மூலையில்தான் இருந்தது. திராட்சை அறுவடைக்கு வருகிற ஆட்களுக்கெல்லாம் இங்கேதான் சூப் கொதிக்கும். இந்தக் கரி அவளுடையது.”

அதற்குப் பிறகுதான் “அரித்துவிடும்” என்ற என் பதில். அவர் தலையாட்டிவிட்டு உள்ளே போனார்.

சம்மதித்தாரே என்று பல நாள் என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். முடிவு என்னுடையது மட்டும் இல்லை, பழைய ஓவியங்களைச் சீரமைக்கும் எங்கள் குழுத் தலைவர் ஏற்கனவே திட்டம் போட்டுக் கொடுத்திருந்தார். கரிக்கடியில் இருந்தால் சின்னத்தைப் படிக்க முடியாது, உடையைப் பார்த்துக் காலம் கணிக்கவும் முடியாது. அதே ஊரின் பழைய பாதிரியார் இல்லத்தில் விதானம் துலக்கமாக இருப்பதால்தானே இன்று வெளியூர்க்காரர்கள் வந்து பார்க்கிறார்கள்? இதெல்லாம் சரிதான். இருந்தாலும் அவர் கேட்டது கலை பற்றிய கேள்வியே இல்லை. தவறான காரணம் சொல்லித்தானே சம்மதம் வாங்கினேன்?

இரண்டு வருடம் கழித்து வேறு ஊரில், வேறொரு வீட்டில், யாரும் கேட்காமலேயே ஒரு பலகையைக் கரியோடு விடச் சொல்லி வாதாடினேன். விட்டார்கள். ஆனால் அந்த வீட்டை விடுமுறைக்காக வாங்கியிருந்தவர்களுக்கு அது யார் அடுப்பின் கரி என்று தெரியாது. நான் செய்தது அவர்களுக்காகவா, எனக்காகவா? இன்னும் தெளிவில்லை.

லாக்ராஸ் பலகைகளைச் சுத்தம் செய்யும் முன் எடுத்த படங்கள் என்னிடம் இருக்கின்றன. 7ஆம் எண், அடுப்பு மூலைக்கு நேர் மேலே இருந்தது. வெறும் கறுப்பு, நடுவில் ஒரு ஆணித்தலை மட்டும் மினுங்குகிறது. அதைப் பெரிதாக அச்செடுத்து உறையில் போட்டு, முகவரியும் எழுதி வைத்திருக்கிறேன். இன்னும் அனுப்பவில்லை.