சிவப்பு என்று படத்தில் போட்டிருக்கிறது

மார்ச் 9, 2024, சனி

வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். மலக்குடலில் புற்று இருந்த பகுதியை வெட்டி எடுத்து, மீதியை ஒன்றோடொன்று இணைத்துத் தைத்திருக்கிறார்கள். அந்தத் தையல் ஆறும்வரை அதன் வழியே எதுவும் இறங்கக் கூடாதாம். அதற்காகச் சிறுகுடலின் ஒரு வளைவை வயிற்றின் வலப்பக்கம் வெளியே கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். தற்காலிகம்தான். சில மாதம் கழித்து உள்ளே அனுப்பிவிடுவார்கள்.

நான் பார்க்கப் பயப்படுவேன் என்று வீட்டில் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். கழிவு சேர அதன்மேல் ஒட்டியிருந்த பையைக் கழற்றியதும் என் கண் போனது தையலுக்குத்தான். முப்பது வருடமாக ரவிக்கை தைப்பவளுக்கு வேறு எது தெரியும்? கைமுனையை வெளிப்பக்கமாகப் புரட்டி மடித்து அடிப்பதைப் போலவே குடலின் விளிம்பைப் புரட்டித் தோலோடு சுற்றிலும் பிடித்திருக்கிறார்கள். சீரான தையல். கரையும் நூல் என்பதால் பிரிக்கும் வேலை இல்லை. வளைவு உள்ளே நழுவிவிடாமல் அடியில் குறுக்காக ஒரு பிளாஸ்டிக் கம்பி.

வெளியே தெரியும் இந்தக் குடல்வாய்க்கு ஸ்டோமா என்று பெயர். நன்றாக வீங்கி, ஈரமாக மினுங்குகிறது. விரல் வைத்தேன், வைத்ததே தெரியவில்லை. வலியைச் சொல்லும் நரம்பு அதில் கிடையாதாம். "உதட்டின் உட்புறம் என்ன நிறமோ அந்த நிறத்தில் இருக்க வேண்டும், அம்மா. கருநீலமாகவோ கறுப்பாகவோ மாறினால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் கூப்பிடுங்கள். துடைக்கும்போது பொட்டு ரத்தம் வந்தால் அதற்குப் பயப்பட வேண்டாம்" என்றார் ஸ்டோமா நர்ஸ்.

மார்ச் 13, புதன்

கம்பியை உருவிவிட்டார்கள். பை நிற்பதற்காக ஸ்டோமாவைச் சுற்றித் தோலில் ஒட்டும் பசைத் தகடுதான் பேஸ்பிளேட். இன்று அதன் துளையை நானே வெட்டினேன். வட்ட வட்டமாகத் துளையிட்ட அட்டை ஒன்றை ஸ்டோமாவின் மேல் வைத்து அளவு பார்க்க வேண்டும். 41 மில்லிமீட்டர். அதைவிட இரண்டு, மூன்று மில்லிமீட்டர் கூட்டி வெட்ட வேண்டும். இறுக்கமாக வெட்டினால் குடலில் உரசும், தாராளமாக வெட்டினால் தோல் திறந்து கிடக்கும். அங்குலக் கணக்கிலேயே பிழைப்பு நடத்தியவளுக்கு இந்த வயதில் மில்லிமீட்டர் வாய்த்திருக்கிறது.

அறுவைக்கு முந்தைய நாள் இதே நர்ஸ் என்னைச் சேலை கட்டச் சொல்லி, உட்கார வைத்து, குனிய வைத்து, பாவாடை நாடா எங்கே விழுகிறது என்று பார்த்து, அதற்குக் கீழே மடிப்பு விழாத இடமாகத் தேடி மையால் குறி போட்டார். அப்போது வேடிக்கையாக இருந்தது. நாடா இதன் குறுக்கே போயிருந்தால் என்ன கதி என்று இப்போது புரிகிறது.

மார்ச் 21, வியாழன்

வீடு. ஸ்டோமாவின் அளவு 36க்கு இறங்கிவிட்டது. ஆறு முதல் எட்டு வாரம்வரை இப்படிச் சுருங்கிக்கொண்டே வருமாம். அதனால் ஒவ்வொரு முறை மாற்றும்போதும் புதிதாக அளக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

கீழ்ப்பக்கம் தையல் சற்று விட்டு, குடலுக்கும் தோலுக்கும் நடுவே ஒரு அரிசி அகலத்துக்கு இடைவெளி. முன்பே கதிர்வீச்சு வாங்கிய உடம்பு, சர்க்கரையும் இருக்கிறது, ஆறுவதற்கு நேரம் பிடிக்கும் என்றார் நர்ஸ். இடைவெளியில் ஸ்டோமா பவுடரை நிரப்பி, மேலே பேஸ்ட் வைத்து, அதன்மேல் பிளேட்டை ஒட்டினார். அடியிலிருந்து சதை வளர்ந்து தானே மூடிக்கொள்ளுமாம். திரும்பத் தைப்பதில்லை.

மார்ச் 27, புதன்

இரவெல்லாம் பிளேட்டுக்கு அடியில் எரிச்சல். விடிந்ததும், காப்பிக்கு முன்பே கழற்றிவிட்டேன். வெறும் வயிற்றில் மாற்றுவதுதான் வசதி, அந்த நேரத்தில் அது கொஞ்சம் ஓய்ந்திருக்கும். பிளேட்டைப் பிய்த்து இழுக்கக் கூடாது. ஒரு கையால் தோலை அழுத்திக்கொண்டு மறு கையால் மெல்ல உரிக்க வேண்டும்.

மருந்துப் பெட்டிக்குள் வந்த தாளில் "தோல் சிவந்தால் கவனியுங்கள்" என்று படம் போட்டிருக்கிறது. வெள்ளைத் தோலில் செக்கச்செவேலென்று ஒரு வளையம். என் வயிறு மாநிறத்துக்கும் ஒரு படி கீழே. அந்தச் சிவப்பைத் தேடி நான் உட்கார்ந்திருந்தால் தோல் உரிந்து முடிந்த பிறகுதான் தெரியும். எனக்குத் தெரிந்தது வேறு. வட்டத்தின் கீழ் இடது பக்கம் தோல் கருத்து, கொஞ்சம் ஊதாவாக இருந்தது. அதற்கு நடுவில் நகம் அளவு ஓர் இடம் மட்டும் எண்ணெய் பூசியதாக மினுங்கியது. டிஷ்யூ தாளை ஒற்றினேன், ஈரம் ஒட்டியது. துடைத்துக் காய வைத்த தோல் திரும்ப நனைகிறது என்றால் மேல்தோல் போய்விட்டது என்று அர்த்தம்.

பிளேட்டின் முதுகைத் திருப்பிப் பார்த்தால் காரணம் அங்கேயே எழுதியிருந்தது. சுற்றிலும் பசை மஞ்சளாக, முழுசாக இருக்க, அந்த ஒரு பக்கம் மட்டும் வெளுத்து ஊறி, துளையிலிருந்து ஓரம்வரை பழுப்பாக ஒரு கோடு ஓடியது. சிறுகுடலிலிருந்து வருவது கெட்டிப்பட்ட மலம் அல்ல. சோற்றைச் செரிக்கிற நொதிகள் அப்படியே இருக்கும் நீர். தோலில் பட்டால் தோலையும் செரிக்கப் பார்க்கும்.

கண்ணாடி முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தேன். வயிற்று வீக்கம் வடிந்ததில், உட்காரும்போது அந்த இடத்தில் ஒரு மடிப்பு புதிதாக விழுகிறது. படுத்தால் காணோம். படுத்த நிலையில் பார்த்து எந்த மருத்துவரும் இதைக் கண்டுபிடிக்க மாட்டார்.

ஏப்ரல் 3, புதன்

மடிப்பில் வைக்க மெத்தென்ற ஒட்டும் வளையம் கொடுத்தார்கள். ஈரத் தோலில் பவுடர் தூவி, அதிகப்படியைத் தட்டிவிட்டு, எரியாத பாதுகாப்புத் திரவத்தை மேலே ஒற்றி, காய்ந்ததும் திரும்ப ஒருமுறை. பிளேட் நிற்கிறது. எரிச்சல் இல்லை.

நாத்தனார் வந்திருந்தாள். "மதினி, மஞ்சளையும் தேங்காய் எண்ணெயையும் குழைத்துப் பூசுங்கள், இரண்டே நாளில் ஆறிவிடும்." எண்ணெய் பட்டால் பிளேட் ஒட்டாது, ஒட்டாவிட்டால் கசியும், கசிந்தால் இன்னும் புண்ணாகும் என்று விளக்கினேன். கிருமிநாசினியும் வேண்டாம், மணக்கும் சோப்பும் வேண்டாம், வெதுவெதுப்பான வெறும் தண்ணீர் போதும். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனாள். பரவாயில்லை, கொண்டுவந்த ஜவ்வரிசியை விட்டுவிட்டுப் போயிருக்கிறாள். அதைக் கஞ்சி காய்ச்சிக் குடித்தால் பைக்கு வருவது கொஞ்சம் கெட்டிப்படுகிறது.

இந்த ஸ்டோமா தோலுக்கு மேலே நீட்டிக்கொண்டிருப்பதைக் குறை சொன்னவர்களுக்கு ஒரு தகவல். ஒரு காலத்தில் தோல் மட்டத்திலேயே குடலை விட்டுவிடுவார்களாம். நீர் நேராகத் தோலில் வழிந்து, நோயாளி படாத பாடு படுவார். இங்கிலாந்தில் பிரையன் புரூக் என்ற அறுவை மருத்துவர் 1952இல் விளிம்பைப் புரட்டித் தைக்கும் முறையை எழுதினார். நான் முதல் நாள் பார்த்து மெச்சிய தையல் அவருடையது.

ஏப்ரல் 12, வெள்ளி

மதுரை வெயில். பிளேட்டுக்கு அடியில் வியர்த்து அரிப்பு. இந்த முறை கசிவு இல்லை, பிளேட்டின் முதுகு சுத்தம். வட்டத்தைச் சுற்றிப் பொடிப்பொடியாகப் புள்ளிகள், வட்டத்துக்கு வெளியேயும் சிதறி. போட்டோ எடுத்து நர்ஸுக்கு அனுப்பினேன். பூஞ்சை என்று மருத்துவர் பவுடர் எழுதினார். களிம்பாக வாங்கிவிட வேண்டாம், அதன்மேல் பிளேட் நிற்காது.

ஏப்ரல் 19, வெள்ளி

ஓட்டுப் போட்டுவிட்டு வந்தேன். அறுவைக்குப் பிறகு ஆஸ்பத்திரி தவிர வேறு எங்கும் போனது இதுதான் முதல் தடவை. கிளம்பும்போதே பையைக் காலி செய்தாயிற்று. மூன்றில் ஒரு பங்கு நிறைந்தாலே காலி செய்வது என் வழக்கம், கனம் கூடினால் பிளேட்டை இழுக்கும். பாவாடை நாடாவுக்குப் பதில் அகலமான எலாஸ்டிக் வைத்து நானே தைத்துக்கொண்டேன். அதன் மேல் சேலை, வெளியே ஒன்றும் தெரியவில்லை. வரிசையில் பின்னால் நின்ற பெண் என் ரவிக்கைக் கழுத்தைப் பார்த்து எந்தக் கடையில் தைத்தது என்று கேட்டாள்.

கையில் உப்பு-சர்க்கரைக் கரைசல் பாட்டில். பெருங்குடல் வேலை நிறுத்தத்தில் இருப்பதால் தண்ணீரும் உப்பும் சேர்ந்தே வெளியேறுகின்றன. இந்த வெயிலில் வெறும் தண்ணீரை மட்டும் குடித்தால் ஈடாகாது.

மே 4, சனி

ஸ்டோமாவின் அளவு 28. போன இரண்டு முறையும் 28தான். அரிசி அகல இடைவெளி மூடி, அந்த இடத்தில் தோல் ஒரு கோடாக இறுகியிருக்கிறது. புண்ணாக இருந்த இடம் ஆறிவிட்டது, ஆனால் சுற்றியிருப்பதைவிட வெளுத்துத் தெரிகிறது. நிறம் திரும்ப மாதக் கணக்காகும் என்கிறார் நர்ஸ். வெளுத்திருந்தாலும் காய்ந்திருக்கிறது, அது போதும்.

வெட்டித் தயாராக வரும் பிளேட்டை முதல் வாரத்திலேயே வாங்கச் சொன்ன கடைக்காரரிடம் இன்று நானே போன் செய்தேன். அப்போது வாங்கியிருந்தால் மொத்தமும் குப்பைக்குப் போயிருக்கும். 30 மில்லிமீட்டர் துளையில் ஒரு பெட்டி மட்டும் சொல்லியிருக்கிறேன். திங்கட்கிழமை அனுப்புகிறாராம்.