பள்ளிப் பரிசோதனையில் கிடைத்த ஒரு சீட்டும் அதன் பிறகும்

அரசுப் பள்ளியில் நான்காம் வகுப்பு படிக்கும் எங்கள் மகளைப் பரிசோதித்த நடமாடும் மருத்துவக் குழு, இதயத்தில் ‘மர்மர்’ (இதயத் துடிப்போடு சேர்ந்து கேட்கும் கூடுதல் இரைச்சல்) கேட்கிறது, மேல்பரிசோதனை தேவை என்று எழுதிப் பரிந்துரைச் சீட்டு ஒன்றைக் கொடுத்தனுப்பியது. நாள் முழுவதும் ஓடி விளையாடும் பிள்ளைக்கு இதய நோய் எப்படி வரும் என்று உறவினர்கள் கேட்டார்கள்.

2013ஆம் ஆண்டு முதல் நடைபெறும் தேசிய சிறார் நலத் திட்டத்தின்கீழ், இக்குழுக்கள் அங்கன்வாடிகளுக்கு ஆண்டுக்கு இருமுறையும் அரசுப் பள்ளிகளுக்கு ஒருமுறையும் சென்று, பிறவிக் குறைபாடு, சத்துக்குறைவு, நோய், வளர்ச்சித் தாமதம் ஆகியவற்றுக்கான அறிகுறிகளைத் தேடுகின்றன. ஒரு பள்ளியின் பிள்ளைகள் அனைவரையும் பார்க்க வேண்டியிருப்பதால், குழு தன் ஐயத்தைத்தான் எழுதித் தர முடியும். நோயை உறுதிசெய்வது, குழுக்கள் அனுப்பும் பிள்ளைகளைப் பரிசோதிக்கும் மாவட்ட இடையீட்டு மையத்தின் வேலை. அங்கே சீட்டைக் காட்டியதும் இதய எக்கோ (ஒலியலைகளால் இதயத்தைப் படமெடுத்துப் பார்க்கும்) பரிசோதனைக்கு அனுப்பினார்கள்.

இதயத்தின் மேலறைகள் இரண்டுக்கும் இடையிலுள்ள சுவரில் பிறவியிலேயே ஒரு துளை இருந்தது. இத்தகைய துளை பல குழந்தைகளிடம் எந்தத் தொல்லையும் காட்டாமலே இருக்கும் என்றும், இடப்பக்க ரத்தம் வலப்பக்கம் கசிந்து கசிந்து இதயத்தின் வலப்பகுதி பெருத்துவிடும் என்றும் மருத்துவர் படம் வரைந்து விளக்கிய பிறகுதான், ஓடி விளையாடுவதை நலத்துக்குச் சான்றாகக் கொள்ள முடியாது என்பது உறவினர்களுக்குப் புரிந்தது.

அலைச்சல் முழுவதும் காப்பீட்டில்தான். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை எங்களிடம் இல்லை. கிராம நிர்வாக அலுவலரின் வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் ஆகியவற்றுடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலுள்ள மையத்துக்குச் செல்ல வேண்டியிருந்தது. ஆதாரில் மகளின் பெயர் ஓரெழுத்து மாறியிருந்ததால் அதைத் திருத்தும்வரை எதுவும் நகரவில்லை. பரிந்துரைச் சீட்டு கைக்கு வந்த அன்றே இத்தாள்களைச் சரிபார்த்து வைப்பது நல்லது. மூலச் சீட்டை எவரிடமும் விட்டுவிடாமல் நகல்களை மட்டும் கொடுப்பதும் உதவும்.

காப்பீட்டு ஒப்புதல் வந்தபின், நெஞ்சைத் திறக்காமல், தொடை வழியே குழாய் செலுத்திச் சிறு கருவியால் துளையை அடைத்தார்கள். அதன்பின் சில மாதங்களுக்கு ஆஸ்பிரின் மாத்திரையும், குறித்த இடைவெளிகளில் எக்கோவும் எழுதிக் கொடுத்தார்கள். விளையாட்டு வகுப்பிலிருந்து எவ்வளவு காலம் விலக்கு என்பதை மருத்துவரிடமே எழுத்தில் வாங்கித் தலைமையாசிரியரிடம் கொடுத்துவிட்டோம்.