ரோஸ்டர் யார் கையில?

ஃபேக்டரியில நைட் ஷிப்ட் முடிஞ்சு காலையில 7 மணிக்கு பஞ்ச் அடிச்சிட்டு பினாங்கு தீவுல இருக்குற பாயான் லெப்பாஸ்ல இருந்து அக்கரையில இருக்குற பிறைக்கு மோட்டர்ல போனீங்கன்னா தெரியும், பாலத்துல ஏறுனதும் சூரியன் நேரா மூஞ்சிக்கு முன்னால வந்து நிப்பாரு. கிழக்க பாத்து போறோம்ல. சாயங்காலம் வேலைக்கு வரப்ப மேற்க பாத்து வரோம், அப்பவும் அவரேதான். 14 வருஷமா கண்ணு கூசுதுன்னு திட்டிக்கிட்டே போயிட்டு வந்துக்கிட்டு இருந்தேன், அது வெறும் கூச்சம் இல்லன்னு போன வருஷம்தான் தெரிஞ்சுச்சு.

சொன்னது என் அண்ணன் மக. யூனியில சைக்காலஜி படிக்குது, கடைசி வருஷ புரொஜெக்டுக்கு 12 மணி நேர ஷிப்ட் செய்யறவங்க வேணுமாம், சித்தப்பா ஒங்க லைன்ல ஆள் புடிச்சு குடுங்கன்னு வந்துச்சு. பேச்சுவாக்குல பாலத்து வெயிலைப் பத்தி சொன்னேன். "காலை வெளிச்சம் பட்டதும் மூளை விடிஞ்சிருச்சுன்னு எடுத்துக்கும் சித்தப்பா, தூக்கத்துக்கு ஒதவுற மெலட்டோனின் சுரக்குறது கொறைஞ்சிடும், வீட்டுக்கு போயி எப்படி தூங்குவீங்க? கறுப்பு கண்ணாடி போடுங்க"ன்னுச்சு. பசார் மாலாம்ல, அதான் ராத்திரி சந்தையில, 15 வெள்ளிக்கு ஒண்ணு வாங்கினேன். ரெண்டு நாள் போட்டேன், நல்லாத்தான் இருந்துச்சு, மூணாவது நாள் பாலத்து நடுவுல கண்ணு சொக்கி லேன் மாறிட்டேன், பின்னால லோரிக்காரன் ஹார்ன் அடிச்சதுல உசுரு திரும்பி வந்துச்சு. அதனால ஓட்டுறவங்க யோசிச்சு போடுங்க, பஸ் கிலாங்ல, அதான் ஃபேக்டரி பஸ்ல, போறவங்களுக்கு பிரச்சனை இல்ல. 1997-ல ஆஸ்திரேலியாவுல டாசன், ரீட்னு ரெண்டு பேரு அளந்து பாத்திருக்காங்க, 17 மணி நேரம் முழிச்சிருந்தா ரத்தத்துல 0.05 சதவீதம் மது இருக்குற ஆள் அளவுக்குத்தான் கையும் கண்ணும் வேலை செய்யுமாம். மொத நைட்டுக்கு நான் காலையில 8 மணிக்கே எந்திரிச்சிடுவேன், மறுநாள் 7 மணிக்கு பஞ்ச் அடிச்சிட்டு பாலத்துல ஏறுறப்ப கணக்கு போட்டா 23 மணி நேரத்துக்கு மேல. ஒரு சொட்டு குடிக்காமலே.

வீட்டுக்கு வந்து படுத்தாலும் அஞ்சு மணி நேரம் தாண்டாது. ஒடம்புக்குள்ள இருக்குற கடிகாரம் பகல்ல சூட்டை ஏத்தி முழிக்க வைக்கிற கடிகாரம், நம்ம ஷிப்ட் அதுக்கு தெரியாது. அதுக்கும் மேல 11 மணிக்கு "சூராட் காபார் லாமா"ன்னு ஸ்பீக்கர் போட்டுக்கிட்டு பழைய பேப்பர் லோரி வரும். பொண்டாட்டி ஜன்னல் பூரா பழைய போர்வையைக் கட்டி வச்சிருக்கு, பக்கத்து வீட்டு கெழவி அதைப் பாத்துட்டு இவன் என்ன எந்நேரமும் தூங்குறான்னு கேட்டுச்சாம். ராத்திரி வேலையை உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 2007-லயே 'புற்றுநோய் வரவைக்க வாய்ப்பு அதிகம்'ங்குற பட்டியல்ல போட்டு 2019-ல திரும்பவும் அதையே சொல்லியிருக்காங்க. கெழவிகிட்ட இதை சொல்லவா முடியும்.

கம்பெனியில ஸ்ட்ரெஸ் டாக் ஒண்ணு வச்சாங்க. எப்ப தெரியுமா, நைட் முடிஞ்சு காலையில 7.30-க்கு. மூச்சை இழுத்து விடுங்க, பாசிட்டிவா நெனைங்கன்னு அந்தம்மா சொல்ல சொல்ல எனக்கு முன்னால இருந்தவன் கொறட்டையே விட்டுட்டான். அந்தம்மாவை குத்தம் சொல்லல, மூச்சுப் பயிற்சி கெட்டது இல்ல. லாசரஸ், ஃபோக்மன்னு ரெண்டு சைக்காலஜி ஆராய்ச்சிக்காரங்க 1984-லயே மன அழுத்தத்தை சமாளிக்கிறதை ரெண்டா பிரிச்சாங்களாம், பிரச்சனையையே மாத்தப் பாக்குறது ஒண்ணு, அது மனசை அடிக்காம பாத்துக்குறது இன்னொண்ணு. மாத்தவே முடியாத விஷயத்துக்கு ரெண்டாவதுதான் சரி. ஆனா மாத்தக்கூடிய விஷயத்தை வச்சிக்கிட்டு மூச்சை மட்டும் இழுக்க சொன்னா எப்படி?

மாத்தக்கூடிய விஷயம் எங்க லைன்ல ஒண்ணு இருந்துச்சு, ஷிப்ட் சுவாப். என் தைப்பூசத்துக்கு மலாய்க்கார கூட்டாளி நிப்பான், அவன் பெருநாளுக்கு நான் நிப்பேன், வாட்சாப்ல ஒரு வரி போட்டா முடிஞ்சுது. அண்ணன் மக இதை கேட்டுட்டு வேலையால வர்ற மன அழுத்தத்தை ஆராய்ச்சி பண்ணின கராசெக்குன்னு ஒருத்தரைப் பத்தி சொல்லுச்சு, 1979-ல எழுதினாராம். வேலை பாரம் மட்டும் ஆளை சாய்க்காது, பாரமும் இருந்து நம்ம வேலையில நமக்கு எந்த முடிவும் இல்லன்னாத்தான் சாய்க்கும்னு. லண்டன்ல அரசாங்க ஊழியர்களை வருஷக்கணக்கா பாத்த ஒயிட்ஹால் ஆராய்ச்சியிலயும் வேலையில பிடி கொறைவா இருந்தவங்களுக்குத்தான் இருதய நோய் கூட வந்திருக்கு. நம்ம ஊர்ல 2023 ஜனவரியில இருந்து வாரத்துக்கு 48 மணி நேரம்ங்குறதை 45 ஆக்குனாங்க, சந்தோஷம்தான், ஆனா அந்த 45 எந்த ராத்திரியில வருதுன்னு ரோஸ்டர், அதான் யாருக்கு எந்த ஷிப்ட்ங்குற பட்டியல், போடுறவர்தான சொல்றாரு.

அண்ணன் மக புரொஜெக்டுக்கு குடுத்த ஃபார்ம்ல ஒரு கேள்வி, என் வேலை நேரத்தை முடிவு பண்றதுல எனக்கும் பங்கு இருக்கு, 1-ல இருந்து 5 வரைக்கும் போடுங்கன்னு. சுவாப்பை நெனைச்சுக்கிட்டு 4 போட்டேன். அது நடந்து மூணு வாரத்துல புது சூப்பர்வைசர் வந்தாரு, சுவாப் எல்லாம் கட், சிஸ்டம்ல இருக்குறபடிதான்னாரு. பொறவு என்ன, தைப்பூசத்துக்கு எம்.சி, அதான் மெடிக்கல் லீவு, எடுத்தவன் ரெண்டு பேரு, அவனுங்க இடத்துலயும் சேத்து ஓடுனவன் நான், தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு குடும்பத்தோட போகாத மொத வருஷம் அதுதான். அதே 12 மணி நேரம், அதே மெஷின், ஆனா சாயங்காலம் 5 மணிக்கே வயித்தைப் பெசைய ஆரம்பிச்சிடுது, முன்ன இப்படி இருந்ததில்ல.

அன்னைக்கு ராத்திரி பிரேக்ல அண்ணன் மகளுக்கு மெசேஜ் போட்டேன், அந்த 4-ஐ 1-ன்னு மாத்திடு ஆயின்னு. "டேட்டா எல்லாம் கீ பண்ணி முடிச்சாச்சு சித்தப்பா, இனிமே மாத்த முடியாது"ன்னு பதில் வந்துச்சு.