கத்தரிக்கோலை எடுத்து வைத்த பிறகு

எட்டுப் பேர், ஒரு நீள மேசை, நடுவில் பழைய இதழ்களின் குவியல். காகிதத் துண்டுகளை ஒட்டிப் படமாக்கும் கொலாஜ் வகுப்பு தொடங்கி 4 வாரம் ஆகிறது. இப்போதுதான் ஓட்டம் பிடித்திருக்கிறது. எதனால் என்று மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன்.

முதல் வாரம் ஆளுக்கொரு கத்தரிக்கோலும் பசையும் கொடுத்தேன். எல்லோரும் பூவையும் முகத்தையும் ஓரம் பிசகாமல் வெட்டி, வெட்டிய கையோடு ஒட்டிவிட்டார்கள். படங்கள் ஒன்றோடொன்று சேராமல் தனித்தனியாக நின்றன.

அடுத்த வாரம் கத்தரிக்கோலை எடுத்து வைத்துவிட்டேன். கையால் கிழிப்பது மட்டும்தான். இயந்திரத்தில் செய்த காகிதத்தில் நார்கள் பெரும்பாலும் ஒரே திசையில் படுத்திருக்கும். அந்தப் போக்கில் கிழித்தால் ஓரளவு நேராக வரும். குறுக்கே கிழித்தால் கோணல்மாணலாக ஓடும். அச்சிட்ட தாளை நம் பக்கமாக இழுத்துக் கிழித்தால், ஒரு துண்டின் ஓரத்தில் வெள்ளைக் கோடு தெரியும். ஒருவர் அந்த வெள்ளையை அப்படியே அலையின் நுரையாக்கினார். மேசை முழுக்க எட்டிப் பார்த்தது. அப்புறம் யாரும் கத்தரிக்கோலைக் கேட்கவில்லை.

மூன்றாவது வாரம் பசையும் கிடையாது. அடுக்குவது, நகர்த்துவது, கலைப்பது. அன்று பிரெஞ்சு ஓவியர் மத்தீஸ் பற்றிச் சொன்னேன். 1941இல் பெரிய அறுவைச் சிகிச்சை நடந்த பிறகு, நின்று வரைவது அவருக்குக் கடினமாகிவிட்டது. உதவியாளர்கள் வண்ணம் பூசித் தந்த தாள்களை வெட்டி, சுவரில் ஊசியால் குத்தி வைத்து, இடம் மாற்றி மாற்றிப் பார்ப்பார். ஒட்டுவது கடைசியில்தான். இதைக் கேட்டதும் எல்லோருக்கும் பொறுமை வந்தது. அடுக்கியதை போனில் கறுப்பு வெள்ளையில் படமெடுக்கச் சொன்னேன். எங்கே இருட்டும் வெளிச்சமும் பிரியாமல் குழம்புகிறது என்று அவர்களே கண்டுபிடித்தார்கள்.

இந்த வாரம் ஒட்டினோம். பாதிப் பேருக்குத் தாள் உப்பிக்கொண்டது. ஈரம் பட்டால் நார் தடிக்கும், தாள் விரியும். விரிந்து முடிவதற்குள் ஒட்டினால் சுருக்கம் விழும். இதை முன்பே சொல்லியிருக்க வேண்டும். மெல்லியதாகப் பசை தடவி ஒரு நிமிடம் விட்டு, நடுவிலிருந்து ஓரம் நோக்கி நீவியபோது சரியாக வந்தது. மேலே பட்டர் பேப்பர், அதன் மேல் கனமான புத்தகங்கள், ஓர் இரவு. இரண்டு அட்டைகள் மட்டும் வில்லாக வளைந்திருந்தன. பின்பக்கமும் ஒரு தாள் ஒட்டியதும் பெரும்பாலும் நிமிர்ந்துவிட்டன.

ஒருவர் செய்தித்தாளில்தான் செய்வேன் என்கிறார். அதிலிருக்கும் லிக்னின் என்ற மரப்பொருள் வெளிச்சம் பட்டு மஞ்சளாகப் பழுக்கும் என்று சொல்லிப் பார்த்தேன். "பழுக்கட்டுமே, வீடும் பழசாகும் இல்லையா" என்றார். அவர் செய்வது தன் பழைய வீட்டின் படம். நான் மறுத்துப் பேசவில்லை. அடுத்த வாரம் அவருக்கு ஓட்டுக்கூரை பாக்கி.